டாக்டரம்மா சொன்ன ‘பிக் அப்’

என் கணவருக்கு ஆங்கிலம் விரல்களில் இருந்தது. காதில் இல்லை, நாக்கிலும் அவ்வளவாக இல்லை. திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்த பையன்கள் சைக்கிளில் வந்து கற்றுக்கொண்டு போவார்கள். கம்பெனிக் கடிதம், கோர்ட்டு மனு, டெண்டர் நோட்டீஸ், எதைக் கொடுத்தாலும் பார்வையைத் தாளிலிருந்து எடுக்காமல் பிழையின்றி அடித்துத் தள்ளுவார். ஆனால் எதிரே ஒருவர் நின்று ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டால் சட்டைக் காலர் நனைந்துவிடும். அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். தலையை ஆட்டி, “யெஸ், யெஸ்” என்பார்.

அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. “இங்கிலீஷ் ரொம்ப சுலபம்டா. ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம். ரெண்டு வார்த்தை வந்தா ரெண்டு அர்த்தத்தையும் சேத்துக்க வேண்டியதுதான்” என்று பையன்களிடம் சொல்வார். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நானும் அதை நம்பினேன். அந்த நம்பிக்கையின் தயவில் நான் சில நாள் செத்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல்.

எங்களுக்குக் கல்யாணமானது ஐம்பதுகளின் கடைசியில். நான் பிறந்து வளர்ந்தது விழுப்புரம், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா மட்டும் அந்த வீட்டில் இருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், மழை விட்டு வெயில் தலைகாட்டிய சமயம். எங்கள் பெண் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். காலையில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கும், சாயங்காலம் இன்னும் கூடுதலாக ஏறும். திண்டிவனத்து வைத்தியர் கொடுத்த சிவப்பு மிக்சர் ஒன்றும் செய்யவில்லை. நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று கத்தினேனாம், அடுப்பே மூட்டாத வீட்டில்.

செய்தி போய் அம்மா அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“மாப்ளே, இத இங்க வெச்சிக்கினு இருந்தா ஆவாது. ஜல்தியா கெளம்புங்க. எங்க ஊரு ஆஸ்பத்திரில சேத்துடலாம்.”

அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. இன்ஸ்டிட்யூட் சாவியை ஜவுளிக்கடையில் கொடுத்துவிட்டு, என்னைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் உட்காரவைத்தார். கூட்டேரிப்பட்டு வரைக்கும் நினைவிருக்கிறது. யாரோ ஜன்னல் வழியாக இளநீர் நீட்டினார்கள். அதற்கப்புறம் விழித்தபோது இரும்புக் கட்டிலில் இருந்தேன்.

டைபாய்டு என்றார்கள். அது ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பெரிய டாக்டரம்மா வெளிநாட்டுக்காரர். உயரமானவர், நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பார். தமிழில் அவருக்குத் தெரிந்தது வைத்தியத்துக்கு வேண்டிய கொஞ்சம் வார்த்தைகள்தான்: “வாயைத் திற”, “வலி எங்கே”, “தண்ணி குடி”. மற்றதையெல்லாம் கூட வரும் நர்ஸ் தமிழில் சொல்லுவார். வந்தவாசிப் பக்கத்துப் பெண் அந்த நர்ஸ். குரல் பெரிசு, மனசும் பெரிசு.

சேர்த்த முதல் நாளே என் கணவர் டாக்டரம்மாவிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். “ஐ பெக் டு ஸ்டேட், டாக்டர், ஐ நோ இங்கிலீஷ்.” அவர் ஆயிரம் தடவை அடித்துப் பழகிய மனுக்களின் முதல் வரி அது. டாக்டரம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதன்பிறகு இவரைப் பார்த்தால் நர்ஸுக்காகக் காத்திராமல் நேராக ஆங்கிலத்திலேயே பேசிவிடுவார். இவரும் “யெஸ், யெஸ்” என்பார்.

மாத்திரைகள் உள்ளே போகப் போகக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. கையைத் தூக்கினால் கை நடுங்கும். சீப்பை வைத்தால் முடி கொத்தாக வரும். கஞ்சியைப் பார்த்தாலே குமட்டும். இது எங்கே போய் முடியுமோ என்று அவருக்குக் கலக்கமாக இருந்திருக்கிறது. ஒரு காலை, டாக்டரம்மா வார்டைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தபோது, இவர் வேகமாகப் பின்னால் போயிருக்கிறார். நர்ஸ் அப்போது ஊசி கொதிக்கவைக்கப் போயிருந்தார்.

“டாக்டர், மை வைஃப், ஹவ்?” என்று கேட்டிருக்கிறார்.

டாக்டரம்மா நின்று, இவர் தோளில் கை வைத்து, நிதானமாகச் சொல்லியிருக்கிறார்: “ஷி இஸ் வெரி வீக். பட் ஷி வில் பிக் அப். கிவ் ஹர் எ ஃப்யூ டேஸ்.”

சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

என் கணவர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார். பிக் என்றால் எடு. அப் என்றால் மேலே. மேலே எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். யார்? வேறு யார், கடவுள்தான். எ ஃப்யூ டேஸ் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை: சில நாள். சில நாள்தான் கொடுத்திருக்கிறார்கள். தோளில் கை வைத்தது ஏன் என்பதும் விளங்கிவிட்டது. யெஸ், யெஸ் என்றுகூடச் சொல்ல முடியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அவர் அதை யாரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை. ஆங்கிலம் தெரியும் என்று சொன்னவர் எப்படிக் கேட்பார்? என் அம்மாவிடம் மட்டும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வைத்துச் சொல்லியிருக்கிறார்.

“அத்தே, டாக்டரம்மா கைய விரிச்சிட்டாங்க. கொஞ்ச நாளுதானாம்.”

அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, “அவளுக்குத் தெரிய வாணாம் மாப்ளே. கொழந்தய கொண்டாந்து அவ கண்ணுல காட்டிக்கினே இருப்போம்” என்றிருக்கிறாள். மயிலம் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். அம்மாவுக்கு இடுப்புவரை முடி.

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கணவர் திடீரென்று வேறு மனிதராகிவிட்டார் என்பதுதான்.

அதுவரைக்கும் அவர் பொதுவாக அதிகம் பேசாதவர். கெட்டவர் இல்லை, ஆனால் வீட்டில் பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. காபி நன்றாக இருந்தால் டம்ளரைத் திரும்ப நீட்டுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் தலைமுடியைத் தன் கையால் சிக்கெடுத்தார். உதிர்ந்த முடியை நான் பார்க்காதபடி சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். பின்பக்கக் குழாயில் என் புடவையைத் துவைத்து, பக்கத்துக் கட்டில் பெண்கள் சிரிப்பதைப் பொருட்படுத்தாமல் உதறிக் காயப்போட்டார். மல்லிகைப்பூ வாங்கிவந்தார். வைக்க முடியாத தலைக்குப் பூ எதற்கு என்றேன். தலையணைமேல் வைத்துவிட்டு, “வாசனையாவது வரட்டுமே” என்றார்.

ஒருநாள் மத்தியானம் குழந்தை என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பாண்டிச்சேரிக்கு இட்டுக்கினு போங்கன்னு கேட்ட இல்ல? கடலு பாக்கணும்னு. நான்தான் பாடம் இருக்குது, பரீட்சை இருக்குதுன்னு தட்டிக் கழிச்சேன்.”

“இப்ப இன்னாத்துக்கு அது?”

“இல்ல. போயிருக்கணும். இதோ இங்க இருக்குது பாண்டிச்சேரி.”

கொஞ்ச நேரம் கழித்து, “உன்ன பொண்ணு பாக்க வந்தப்ப, காபி தட்டுல கொஞ்சம் சிந்திட்ட. ஒங்கம்மா மொறச்சாங்க. நீ சிரிச்ச. அப்பவே எனக்கு முடிவாயிடுச்சி” என்றார்.

கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இன்ஸ்டிட்யூட்டை விற்றுவிட்டாரோ, வேறு ஏதாவது காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறாரோ என்றெல்லாம் மனசு போயிற்று. ஆனால் அந்த வார்த்தைகள் உள்ளே இறங்கி வேலை செய்தன. அன்று சாயங்காலம் கஞ்சியை முழுசாகக் குடித்தேன். மறுநாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வாங்கினேன்.

நான் தேறத் தேற அவர் வாடினார். இதுதான் அதில் பெரிய வேடிக்கை. நான் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவர் வெளியே போய்விட்டார். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று கேள்விப்பட்டிருந்தாராம். நான் சிரித்துப் பேசினால் அவர் கண் கலங்கும். “இன்னாங்க ஆச்சு ஒங்களுக்கு?” என்றால், “தூசி” என்பார். அம்மாவும் அப்படித்தான். நல்லாச் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். எனக்குப் பேஜாராகப் போய்விட்டது.

எனக்குப் பசி திரும்பியதும் ஒரே ஓர் ஆசை வந்தது: அவித்த மல்லாட்டை. வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்து, தெருவெல்லாம் அந்த மணமாக இருக்கும். டைபாய்டுக்குக் குடலெல்லாம் புண்ணாக இருக்கும், கஞ்சியைத் தவிர வேறெதுவும் தொடக்கூடாது என்று நர்ஸ் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேறு சமயமாக இருந்திருந்தால் இவரும் அதட்டியிருப்பார். இப்போது கேட்டதும் எழுந்து போனார். துண்டில் முடிந்து, சட்டைக்குள் மறைத்து, சுடச்சுடக் கொண்டுவந்துவிட்டார்.

“துன்னு. ஆசை தீரத் துன்னு” என்று ஒவ்வொன்றாக உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

நான் முதல் பருப்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது நர்ஸ் உள்ளே வந்தார். மணம் காட்டிக்கொடுத்துவிட்டது.

“யோவ்! இன்னா மனுசன்யா நீ? டைபாய்டு பேசன்டுக்கு யாரனா மல்லாட்ட குடுப்பாங்களா? கொடலு ஓட்டையாயி செத்துப்போவ மாட்டாங்க?” என் கையிலிருந்ததைத் தட்டி எடுத்து, துண்டையும் பிடுங்கிக்கொண்டார். வார்டு முழுவதும் எங்களைப் பார்த்தது.

என் கணவர் எழுந்து நின்றார். அவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக உடைந்தது.

“கடைசி ஆசை சிஸ்டர். குடுத்துடுங்க. எப்படியும் போவப் போறவதான? ஆசையோட போவக் கூடாது.”

“யாரு போறது?”

“டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. எங்கிட்ட சொல்லிட்டாங்க.”

நான் கட்டிலில் உட்கார்ந்து அவர் முகத்தையும் நர்ஸ் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் குழந்தையைத்தான் முதலில் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

நர்ஸ் போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்து, வராந்தாவில் சொன்னதைத் திரும்பச் சொன்னார். ‘பிக் அப்’ என்ற இடத்தில் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அய்ய! பிக் அப்புன்னா தேறிடுவாங்கன்னு அர்த்தம்யா. ஒடம்பு தேறும். தெம்பு ஏறும். கொஞ்ச நாள் பொறுங்க, எல்லாம் சரியாயிடும்னு சொல்லிக்கிறாங்க அந்தம்மா. நீ இன்னான்னு நெனச்சிக்கின?”

என் கணவர் கையை மட்டும் கூரையை நோக்கிக் காட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு ரயில் சத்தம் நன்றாகக் கேட்கும். அந்த நேரம் ஏதோ வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஜன்னல் பக்கம் கை காட்டினார். “கேளு. மொதல்ல மெதுவா மூச்சு வுடுது இல்ல? அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வேகம் புடிக்குது. அதுக்குப் பேருதான் பிக் அப். ஒம் பொண்டாட்டியும் அப்பிடித்தான் வந்துக்கினு இருக்காங்க.”

வார்டில் இருந்த எல்லோரும் அந்த ரயிலைக் கேட்டார்கள். அது தூரத்தில் போய் ஓய்கிறவரை என் கணவர் அசையாமல் நின்றார். பிறகு கட்டிலின் இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். டாக்டரம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அழுகையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, இவர் முதுகைத் தடவி, நர்ஸிடம் ஏதோ கேட்டார். நர்ஸ் சொல்லிக்கொடுக்க, மெதுவாகத் தமிழில் திருப்பிச் சொன்னார்: “தே-றி-டும்.” அதற்குப் பிறகு நான் இருந்தவரை, வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு போனார். வலி தாங்காமல் கத்திய ஒரு கிழவியிடம்கூட “தேறிடும், தேறிடும்” என்றார். கிழவி கத்துவதை நிறுத்திவிட்டு அவரை அதிசயமாகப் பார்த்தாள்.

அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை. மருமகனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “டைப்பு அடிக்கிறதோட நிறுத்திக்கோங்க மாப்ளே” என்றாள். மொட்டையை மட்டும் அவள் விடவில்லை. வேண்டியது வேண்டியதுதான் என்று மயிலத்துக்குப் போய் முடியை இறக்கிவிட்டே வந்தாள்.

வீடு திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்கியதுதான். அட்டை கிழிந்த தடித்த புத்தகம். ராச்சாப்பாட்டுக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு என்னிடம் சண்டை போடுவார். நான் அரிசி களைந்துகொண்டே கேட்பேன்.

“ஸ்பீட் அப், வேகத்தைக் கூட்டு. சரி. ஸ்டெப் அப், அளவைக் கூட்டு. உற்பத்தியை ஸ்டெப் அப் பண்ணுன்னு கவர்மென்டு கடுதாசில எத்தினி வாட்டி அடிச்சிருக்கேன்! படி மேல ஏறுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பில்ட் அப், கொஞ்சம் கொஞ்சமா சேத்துப் பெருசாக்கு. இதெல்லாம் ஏறுது, ஒத்துக்கறேன். கிவ் அப்புன்னா வுட்டுடறதாம். அதுல எங்க இருக்குது மேல?”

“பிரிங் அப்புன்னா?”

புரட்டிப் பார்த்தார். “கொழந்தய வளத்து ஆளாக்கறது.”

“அது நல்லாத்தான இருக்குது” என்றேன்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அதன்பிறகு பையன்களிடம் ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் என்று அவர் சொன்னதில்லை. “ரெண்டு வார்த்தை பக்கத்துல பக்கத்துல இருந்தா, ஒண்ணோட கொணத்த இன்னொண்ணு மாத்திப்புடும். கேட்டுட்டு அடி” என்பார். மாணவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

உடம்பு முழுசாகத் தேற, அவரும் மெல்ல மெல்லப் பழைய ஆளானார். டம்ளரை நீட்டுவது திரும்பிவந்தது. ஒருநாள் தாங்காமல் கேட்டேவிட்டேன். “இன்னொரு வாட்டி அந்த டாக்டரம்மாவைப் பாத்துட்டு வரலாமா?” அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனார். கடலைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதாள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கையாக அவளைப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றோம். புடவைக் கரையெல்லாம் மணல். அன்று அவர் என்ன பேசினார் என்று நினைவில்லை. ஒன்றும் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் என்னைத் தனியாக விட அவருக்கு ரொம்ப நாள் பயம் இருந்தது. அதனால் மத்தியானங்களில் என்னையும் குழந்தையையும் இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைத்துப்போவார். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவேன். முடி கட்டையாக முளைத்திருந்ததால் முந்தானையைத் தலையோடு போர்த்தியிருப்பேன். பையன்கள் வராத வேளையில் சும்மா ஒரு மெஷினில் விரல் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, “முதுக நேரா வெச்சி உக்காரு” என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. குழந்தை மேசைக்கடியில் பழைய ரிப்பன் டப்பாக்களை வைத்து விளையாடுவாள். மறு வருஷம் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுதித் தேறினேன். அதற்கப்புறம் ஹையரும்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. அந்த மாடியும் இப்போது இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. ஓமந்தூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மாள் தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, படியேறத் தயங்கிக் கீழேயே நின்றாள். பொம்பளை ஒருத்தர் சொல்லிக்கொடுக்கிறார் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறார்கள். இவர் படியில் இறங்கிப்போய், “வெயில்ல நிக்காதீங்கம்மா, மேல வாங்க” என்று கூப்பிட்டார். ஆம்பளையைப் பார்த்ததும் அந்த அம்மாள் இன்னும் ஒதுங்கினாள். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தேன். பெண் ஓடி ஏறி வந்துவிட்டாள். இரட்டைப் பின்னல், கையில் புது வளையல். ஜன்னலோர மெஷினில் அவளை உட்காரவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுத்துகளின்மேல் வைத்தேன். வளையல் இடிக்கிறது என்றாள். கழற்றி என் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.